கை நனைக்காத வீடு

நம் வயசுக்காரிகள் நாலு பேர் ஓரிடத்தில் உட்கார்ந்தால் பேச்சு மூட்டுவலியில் தொடங்கும், மருமகளிடம் போய்ச் சற்று நிற்கும், கடைசியில் தின்பண்டத்தில் வந்து படுத்துக்கொள்ளும். பல் இருக்கிறவளும் இல்லாதவளும் ஒன்றாகச் சப்புக் கொட்டுவோம். போன வாரம் கோயிலில் வைத்து அப்படித்தான், வழிப்பயணத்தில் தின்றதில் எது ருசி என்று ஆளுக்கொன்று சொன்னீர்கள். ஒருத்திக்குத் திருச்செந்தூர் சில்லுக்கருப்பட்டி, இன்னொருத்திக்குக் கோவில்பட்டிக் கடலைமிட்டாய். நான் மட்டும் வாயைத் திறக்கவில்லை. இவளுக்கு நாக்குச் செத்துப்போச்சு என்று கேலிகூடச் செய்தீர்கள். நாக்கு நன்றாகத்தான் இருக்கிறது. நான் தின்ற வழிப் பண்டங்களை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு திக்கென்கிறது. அதைக் கோயிலில் உட்கார்ந்து சொல்ல முடியவில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. ரோட்டில் பஸ் கிடையாது. ரயில் ஓடியது, ஆனால் அப்பாவுக்கு ரயில் ஆகாது. கண்டவனோடு முட்டியிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் கட்டுச்சோற்றை எங்கே பிரிப்பது என்று கேட்பார். கலெக்டர் கச்சேரியில் வேலை பார்த்த மனுஷன், கேட்கிற கேள்வி இது! ஆகவே எங்கே போனாலும் எங்களுக்கு வில்வண்டிதான். வைக்கோலைப் பரப்பி மேலே ஜமுக்காளம் விரித்து, வெள்ளி முளைக்கும் நேரத்தில் வண்ணார்பேட்டையை விட்டுக் கிளம்பினால், மேலப்பாளையம் தாண்டும்போதுதான் பலபலவென்று விடியும்.

அப்பாவிடம் வழிச் சாப்பாட்டுக்கு ஒரு சட்டம் இருந்தது. கடையில் வேகவைத்தது ஆகாது. வறுத்தது, பழுத்தது, மரத்திலிருந்து இறக்கியது ஆகலாம். காப்பி கிளப்பு என்று பேரெடுத்தாலே முகத்தைச் சுளிப்பார். அதனால் அம்மா முதல் நாளே புளியோதரை கிளறி, நல்லெண்ணெய் மிதக்கவிட்டு, வாழையிலையில் கட்டிவிடுவாள். எள்ளுத் துவையல் ஒரு கிண்ணத்தில், மோர்மிளகாய் ஒரு பொட்டலத்தில். பலகாரத்துக்கென்று ஒரு பித்தளைச் சம்படம் உண்டு. மூடியைத் திருகித் திறக்கும்போது கிறீச் என்று சத்தம் வரும், தூங்குகிற நான் அந்தச் சத்தத்துக்கு எழுந்துவிடுவேன். அந்தச் சம்படம் பிறகு எந்தப் பாகப்பிரிவினையில் யார் வீட்டுக்குப் போனதோ தெரியவில்லை.

இவ்வளவு பயணமும் எதற்கென்றால் என் அக்காவைப் பார்ப்பதற்கு. அவள் என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். நடுவில் பிறந்த இரண்டும் தக்கவில்லை. கல்லிடைக்குறிச்சிக்கு அப்பால், ஆற்றுப் பாசனத்தில் ஓர் ஊரில் அவளைக் கட்டிக் கொடுத்திருந்தது. ஊர்ப் பேர் வேண்டாம். அந்த வீட்டு வாரிசுகள் இன்றைக்கு நல்ல மாதிரியாக இருக்கிறார்கள், அவர்களைச் சொல்லி என்ன ஆகப்போகிறது? பெரிய வீடு. முற்றத்தைச் சுற்றிக் குதிர்கள், எல்லாவற்றிலும் நெல். அப்பா அந்தக் குதிர்களைப் பார்த்துத்தான் சம்பந்தம் பேசினார். என் மகள் ஒருநாளும் பசியறிய மாட்டாள் என்று ஊரெல்லாம் சொன்னார். அத்தானுக்குத் தூத்துக்குடியில் பஞ்சுக் கிட்டங்கியில் உத்தியோகம். மாசத்துக்கு ஒரு தடவை வீட்டுக்கு வந்து போவார்.

இங்கேதான் எங்கள் குடும்பத்துப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மகள் வயிற்றில் ஒரு பேரப்பிள்ளை பிறக்கும் வரை, பெண்ணைப் பெற்றவர்கள் சம்பந்தி வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். பச்சைத் தண்ணீர்கூட வாயில் படக் கூடாது. பெண்ணைக் கொடுத்த இடத்தில் தின்றால் பெண்ணை விற்றுத் தின்ற மாதிரி என்பது அப்பாவின் கட்சி. தீபாவளிச் சீர், பொங்கல் சீர் என்று பண்டங்களை ஏற்றிக்கொண்டு போவோம், அந்த வீட்டுப் பாயில் அரை நாழிகை உட்காருவோம், கொண்டுபோனதை இறக்கிவிட்டு எழுந்து வந்துவிடுவோம். போகும்போது சாப்பாடு சேரன்மாதேவி ஆற்றங்கரையில். வரும்போது வீரவநல்லூர்ப் புளியமரத்தடியில். எனக்கு அது கொண்டாட்டம்! தீபாவளிக்குப் போனபோது தூறலில் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து காராச்சேவும் தயிர்ச்சோறும் தின்றோம். பொங்கலுக்குப் போனபோது வண்டிக்காரர் சருகைக் கூட்டித் தீ மூட்டிப் பனங்கிழங்கு சுட்டுக் கொடுத்தார். தோல் கருகி, உள்ளே மாவாக, நார் பல்லில் மாட்டிக்கொண்டு, அப்படி ஒரு வாசம்.

அக்கா அந்த அரை நாழிகையும் கதவோரம் நிற்பாள். அத்தை, அதாவது அவளுடைய மாமியார், அம்மாவை அணைத்தபடி உட்கார்ந்து தேன் மாதிரிப் பேசுவாள். உங்க மகளுக்குத் தீனிதான் கொறைச்சல், எவ்வளவு சொன்னாலும் பசிக்கலைங்கா என்று தானாகவே குறைப்பட்டுக்கொள்வாள். அம்மாவும் ஆமாம் ஆமாம், எங்க வீட்டிலும் அவள் அப்படித்தான் என்று தலையாட்டுவாள். அது பச்சைப் பொய். கல்யாணத்துக்கு முன்னால் என் பங்கு அதிரசத்தையும் பிடுங்கித் தின்றவள் அவள். மகள் நாசூக்கானவள் என்று சம்பந்தி சொன்னால் எந்தத் தாய்தான் இல்லையென்பாள்?

அந்தச் சித்திரை விசுவுக்குப் பாபநாசம் போய்த் தீர்த்தமாட வேண்டும், மகளையும் கூட்டிப் போகிறோம் என்று அப்பா சொல்லியனுப்பினார். அதிசயமாக அனுப்பச் சம்மதித்தார்கள். விசுவுக்கு முதல் நாள் போய் அழைத்தோம். ஒரு சின்ன மூட்டையோடு அக்கா வண்டியில் ஏறினாள். கை வளையல்கள் முழங்கைவரை ஏறி ஏறி இறங்கின. அம்மா அவள் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, வெயிலில் கறுத்துவிட்டாள் என்றாள். கறுத்தது மட்டும் அவள் கண்ணில் பட்டது.

ஊர் எல்லை தாண்டி வாய்க்கால் ஓரம் மருதமரத்து நிழலில் வண்டியை அவிழ்த்தோம். அம்மா புளியோதரையைப் பிரித்தாள். அக்கா சாப்பிட்டதைப் பார்த்து நான் என் உருண்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். மென்ற மாதிரியே தெரியவில்லை. அவள் பங்கு முடிந்தது, அம்மா தன் பங்கைத் தள்ளினாள், அதுவும் முடிந்தது. பிறகு சம்படத்தைத் திறந்து முந்திரிக்கொத்து ஒன்று கொடுத்தாள். அக்கா கடித்தவுடன் கண்ணை மூடிக்கொண்டாள். இதை எப்பம்மா செஞ்சே, இவ்வளவு ருசியா இருக்கே என்று கேட்டாள்.

பொங்கல் சீரில் ஒரு கடகம் நிறைய இதைத்தானே கொடுத்துவிட்டேன், நீ தின்னவில்லையா என்றாள் அம்மா. அக்கா மெல்லுவதை நிறுத்தினாள். தின்றேன், மறந்துபோச்சு என்றாள்.

முந்திரிக்கொத்தை மறப்பார்களா யாராவது? எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஆனால் அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. அப்பாவைத் தனியே கூப்பிட்டு ஏதோ காதில் சொன்னாள். அப்பா மீசையைத் தடவிக்கொண்டே திரும்பி வந்து, வண்டிக்காரரிடம் மாட்டைப் பைய ஓட்டச் சொன்னார், பள்ளம் மேடு பார்த்து ஓட்டச் சொன்னார். எனக்குப் பிறகுதான் விளங்கியது. அக்கா முழுகாமல் இருக்கிறாள், மசக்கையில் வாய்க்கு ருசி கேட்கிறது, மறதி வருகிறது என்று இரண்டு பேரும் முடிவுகட்டிவிட்டார்கள்!

அதற்கப்புறம் எங்கள் அப்பாவைப் பார்க்க வேண்டுமே. பனைவிளை கண்ட இடத்திலெல்லாம் வண்டியை நிறுத்தினார். அப்போதுதான் இறக்கிய பதநீர், பனையோலையை மடித்துக் கட்டிய பட்டையில், அதற்குள் மாங்காயைக் கீறிப் போட்டு. ஓலையின் பச்சை வாசமும் மாங்காய்ப் புளிப்பும் சேர்ந்து தொண்டையில் இறங்குவதை என்னென்று சொல்ல? அக்கா பட்டை பட்டையாகக் குடித்தாள். மிச்சமிருந்த மாங்காய்த் துண்டையும் விரலை விட்டு எடுத்துத் தின்றாள். அதைப் பார்த்த அம்மாவுக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் தீர்ந்தது. நுங்கைச் சீவிச் சீவிக் கொடுத்தார் பனையேறி. அக்கா கண்ணை அதிலிருந்து எடுக்கவேயில்லை. நானும் விடுவேனா, என் பங்குக்கு வயிறு வலிக்கத் தின்றேன்.

பாபநாசத்தில் விசுக் கூட்டம். படித்துறையிலிருந்து கோயில் வரை கொட்டகை போட்டுப் பண்டம் விற்றார்கள். பொரிகடலை, சீனி மிட்டாய், சூடு பறக்கும் சுழியன். ஓலைக் கொட்டகைக்குள் ஒரு காப்பி கிளப்பும் இருந்தது. அப்பா எங்களை நேராக அதற்குள் கூட்டிப் போனார். அப்பாவா என்று நான் வாய் பிளந்துவிட்டேன். வாழையிலையில் அல்வா வந்தது. நெய் இலையின் நரம்புக்கு நரம்பு ஓடி, கையில் ஒட்டாமல் வழுக்கி, வாயில் வைத்தால் காணாமல் போனது. திருநெல்வேலிச் சீமையில் பிறந்தும் கடை அல்வாவை நான் தின்றது அதுதான் முதல் தடவை. அப்பா தின்னவில்லை. அக்கா தின்பதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பக்கத்து இலைக்காரரிடம், முன்பின் தெரியாத மனுஷன், அவரிடம் போய், "மகளுக்கு வாய் கேக்குது வே, இனிமே நானும் சம்பந்தி வீட்டுல கை நனைக்கலாம்" என்றார். அக்கா அதைக் கேட்டாள். இலையை வழித்த விரல் அப்படியே நின்றது. நான் அதை வெட்கம் என்று நினைத்தேன்.

விசு அன்று காலை தீர்த்தமாடினோம். பெண்கள் துறையில் இடுப்பளவுத் தண்ணீரில் நிறுத்தி அம்மா அக்காவுக்கு மஞ்சள் தேய்த்தாள். முதுகில் தேய்த்த கை சட்டென்று நின்றது. ஈரப் புடவைக்கு மேலேயே விலா எலும்பு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. வயிறு முதுகோடு ஒட்டிக் கிடந்தது. நான் பக்கத்தில் மூக்கைப் பிடித்துக்கொண்டு முங்கி எழுந்துகொண்டிருந்தேன்.

"ஏட்டி, நாள் தள்ளியிருக்கா?" என்று அம்மா கேட்டாள்.

"இல்லம்மா. போன வாரந்தான் விலகியிருந்தேன்."

"பெறவு ஏன்ட்டி இப்படித் திங்குதே?"

அக்கா தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "பசிக்கும்மா" என்றாள்.

அம்மா அப்படியே தண்ணீருக்குள் உட்கார்ந்துவிட்டாள். தலைமுடி மட்டும் மேலே மிதந்தது. நான் பயந்து அலறி, பக்கத்தில் குளித்தவர்கள் ஓடிவந்து தூக்கினார்கள். நெல் குதிர்களுக்கு நடுவில் ஒரு பெண் பட்டினி கிடப்பாளா? யாரும் கேள்விப்பட்டதுண்டா?

கரையேறி, ஈரம் சொட்டச் சொட்டக் கல்லில் உட்கார்ந்து அக்கா சொன்னாள். ஆண்கள் சாப்பிட்ட பிறகு அத்தை சாப்பிடுவாள். சாப்பிட்டு எழுந்ததும் மிச்சச் சோற்றில் தண்ணீர் ஊற்றி, பானையை உள்ளறையில் வைத்துப் பூட்டிவிடுவாள். அது விடியலில் வயலுக்குப் போகிற ஆண்களுக்குப் பழையது. அக்காவுக்கு நீராகாரமும், அடியில் கிடக்கும் ஒரு பிடியும். வெள்ளிக்கிழமை, அமாவாசை என்று விரதம் வேறு. பசிக்கிறது என்று ஒரு தடவை வாய்விட்டதற்கு, நல்ல குடும்பத்துப் பெண்ணுக்கு வயிறு பேசாது என்று பதில். நாங்கள் இறக்கிய சீர்ப் பண்டமெல்லாம் மறுநாளே அத்தையின் மகள் வீட்டுக்கு வண்டியேறிவிடுமாம். அத்தான் வருகிற நாளில் மட்டும் அக்காவுக்கும் இலை உண்டாம்.

ஏன்ட்டி இத்தனை நாளும் சொல்லவில்லை என்று அம்மா அழுதாள். புகுந்த வீட்டு விஷயம் வாசல் தாண்டக் கூடாது என்று நீதானேம்மா சொல்லிவிட்டாய் என்றாள் அக்கா. கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

நினைக்க நினைக்க எனக்கு இப்போதும் ஆறவில்லை. மானம், மரியாதை என்று நாங்கள் ஆற்றங்கரை ஆற்றங்கரையாக உட்கார்ந்து வயிறு முட்டத் தின்றோமே! அந்த வீட்டில் ஒரே ஒரு நாள் ஒருவாய்ச் சோறு தின்ன உட்கார்ந்திருந்தால், எங்கள் பெண் எப்போது சாப்பிடுகிறாள், என்ன சாப்பிடுகிறாள் என்று கண்ணுக்குத் தெரிந்திருக்குமே. தெரியாமலே இருப்பதற்கு ஒரு பழக்கத்தை வைத்துக்கொண்டு, அதற்குக் கௌரவம் என்று பேரும் வைத்திருந்தோம்.

அப்பா நம்பவில்லை. நம்பவில்லை என்றால், நம்ப அவரால் முடியவில்லை. பெரிய இடம், பிள்ளை எதையோ மிகைப்படுத்துகிறாள், புது இடத்து ஏக்கம் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தார். கடைசியில், நானே கண்ணால் பார்த்துவிடுகிறேன் என்றார். திரும்புகிற வழியில் எந்தப் பனைவிளையிலும் வண்டி நிற்கவில்லை. வாங்கி வந்த பொரிகடலையை நான்கூடத் தொடவில்லை.

சம்பந்தி வீட்டில் போய் உட்கார்ந்ததும் அப்பா, இன்றைக்கு நாங்கள் இங்கே கை நனைக்கிறோம் என்றார். வீடே ஒரு நிமிஷம் அரண்டுபோயிற்று. பிறகு அத்தை அக்காவின் வயிற்றைப் பார்த்தாள், அம்மாவின் முகத்தைப் பார்த்தாள், விசேஷமா மதினி என்று பூரித்துக் கேட்டாள். அம்மா சிரிக்கவுமில்லை, மறுக்கவுமில்லை. அவ்வளவுதான், அடுக்களை இரண்டுபட்டது. சொதி, அவியல், பருப்புப் பாயசம், கல்லிடைக்குறிச்சி அப்பளம். வாசத்தில் எனக்கு நாக்கு ஊறியது. அப்படி ஊறியதற்காக அன்றைக்கு என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

இலை போட்டார்கள். அப்பா சம்பந்தியைப் பார்த்து, "அண்ணாச்சி, எம் மகளுக்கும் எம் பக்கத்துல ஒரு இலை போடச் சொல்லுங்க" என்றார். ஆண்கள் பந்தியில் மருமகளா? அந்த வீட்டில் கேள்விப்படாத காரியம். ஆனால் பேரன் வருகிற சந்தோஷத்தில் சம்பந்தி சிரித்துக்கொண்டே சரியென்றார். அக்காவை அழைத்து வந்து உட்காரவைத்தார்கள். சோறு குவிந்தது, நெய் விழுந்தது, கூட்டு, கறியெல்லாம் வரிசையாக வந்தன.

அக்கா இலையைப் பார்க்கவில்லை. நிலைப்படியில் நின்ற அத்தையைப் பார்த்தாள். அத்தை சிரித்த முகமாக, "சாப்பிடும்மா, யாரு வேண்டாங்கா?" என்றாள். அக்கா குனிந்து, புறங்கையால் சோற்றை மெல்ல ஒதுக்கினாள். முக்கால்வாசியை இலையின் அந்தக் கோடிக்குத் தள்ளிவிட்டு, ஓரத்திலிருந்து ஒரு பிடி எடுத்தாள். மோரை ஊற்றி அதை விழுங்கினாள். அவியலைத் தொடவில்லை, பாயசத்தைத் தொடவில்லை. போதும் என்று இலையை மூடினாள்.

வாய்க்கால் கரையில் இரண்டு பேர் சோற்றைத் தின்றவள். முந்தின நாள் அல்வா இலையை விரலால் வழித்தவள். அவளை யாரும் மிரட்டவில்லை, அதட்டவில்லை. எதிரே சோறு இருக்கிறது, பக்கத்தில் பெற்ற அப்பன் இருக்கிறான், இருந்தும் அந்தக் கை அதற்கு மேல் போகவில்லை.

"பாத்தியளா? நாங்க சொன்னா நம்ப மாட்டிய. அவளுக்குத் தீனி அவ்வளவுதான்" என்றார் சம்பந்தி.

அப்பாவின் கை முதல் கவளத்தோடு இலைக்கு மேலேயே நின்றது. அதைத் திரும்ப இலையிலேயே வைத்தார். உண்ணாமல் இலையை விட்டு எழுவது எவ்வளவு பெரிய அவமரியாதை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வெட்டுக்குத்தே நடந்திருக்கிறது. அப்பா எழுந்தார். கையைக்கூடக் கழுவவில்லை.

"எந்திரிம்மா. வண்டி நிக்கி" என்றார்.

என்ன, ஏது, என்ன குறை வைத்தோம் என்று அத்தை பின்னாலேயே வந்தாள். அப்பா எங்களையெல்லாம் வண்டியில் ஏற்றினார். அக்காவின் மூட்டை வண்டியிலேயே இருந்தது. அப்பாவின் வலது கை நெய்யும் பருப்புமாகக் காய்ந்துபோய் ரொம்ப தூரம் வரை அப்படியே மடியில் கிடந்தது.

வீரவநல்லூர் தாண்டித்தான் வண்டியை நிறுத்தச் சொன்னார். பெண்ணைத் திரும்பக் கூட்டி வந்தால் ஊர் என்ன சொல்லும் என்பது அவருக்குத் தெரியாததல்ல. வாழாவெட்டி என்றது ஊர்; வருஷக்கணக்கில் சொன்னது. தூத்துக்குடியில் தனிக்குடித்தனம் வைத்தால் அனுப்புகிறேன் என்று அப்பா ஆள் விட்டுப் பார்த்தார். அத்தான் அம்மா பேச்சைத் தட்டாத பிள்ளை, கொஞ்ச நாளில் வேறு பெண் கட்டிக்கொண்டார். அதெல்லாம் பிறகு. அன்றைக்கு அப்பா இறங்கிப் போய், ரோட்டோரக் கடையில் வேகவைத்ததா, வறுத்ததா என்று பாராமல், சுடச்சுட இட்லியும் சட்னியும் இலை நிறைய வாங்கி வந்து அக்காவின் முன்னால் வைத்தார். தின்னும்மா என்றார்.

அக்கா கையை வைக்கவில்லை. எங்கள் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நீங்கள்லாம் அங்கன திரும்பிக்கிடுங்கப்பா. பாத்தா எனக்கு எறங்காது."

அப்பா ரோட்டைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். வண்டிக்காரர் மாட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றார். நான் திரும்ப மறுத்தேன், அம்மா என் தலையைப் பிடித்துத் திருப்பினாள். முதுகுக்குப் பின்னால் இலை சரசரக்கும் சத்தம் கேட்டது.

அக்கா எழுபது வயது தாண்டி இருந்தாள். அப்பா அம்மா காலம் முடிந்து, கடைசிவரை என் வீட்டில்தான் இருந்தாள். உங்களில் பலபேர் அவள் கையால் முந்திரிக்கொத்து வாங்கித் தின்றிருக்கிறீர்கள். வந்தவர் யாரையும் சாப்பிடாமல் அனுப்ப மாட்டாள். ஆனால் அவள் சாப்பிட்டு நான் கடைசியாகப் பார்த்தது அந்தப் பாபநாசப் பயணத்தில்தான். அப்புறம் ஒருநாளும் பார்க்கவில்லை.